டவரிலிருந்து தொடங்குங்கள்: பயணத்தில் குறைந்த செலவில் இணையம் பெறக் கருவி தேர்ந்தெடுக்கும் முறை

மதுரை டவுன்ஹால் ரோட்டில் உள்ள எந்த மொபைல் கடைக்குள் நுழைந்தாலும் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி, "பத்தாயிரத்துக்குள் நல்ல போன் எது?" என்பதாகவே இருக்கிறது. கடைக்காரர் கேமராவையும் திரையின் அளவையும் சொல்லத் தொடங்குவார். வாங்க வந்தவர் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போய்வருகிறார், போகும் வழியில் இணையத்தை எதற்குப் பயன்படுத்துகிறார், மாதந்தோறும் எவ்வளவு தொகைக்கு ரீசார்ஜ் செய்ய இயலும் என்ற மூன்றையும் இருவருமே பேசுவதில்லை. ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறி, செக்கானூரணி வழியாக உசிலம்பட்டிக்குப் பல ஆண்டுகளாக நாள்தோறும் வேலைக்குப் போய்வருபவன் என்ற முறையிலும், உறவினர்கள் போன் வாங்கும்போதெல்லாம் உடன் அழைத்துச் செல்லப்படுபவன் என்ற முறையிலும், இந்த மூன்றிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் செலவுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 12,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கி மூன்று ஆண்டுகள் பயன்படுத்துவதாக வைத்துக்கொண்டால், போனுக்கான செலவு மாதத்துக்கு ஏறத்தாழ 333 ரூபாய். 28 நாள் செல்லுபடியாகும் திட்டத்துக்கு எடுத்துக்காட்டாக 300 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்ய வேண்டியிருக்கும். மூன்று ஆண்டுகளில் அது 11,700 ரூபாயாகிவிடும். அதாவது, போனின் விலைக்கு இணையான தொகையை நாம் சிறுகச் சிறுக ரீசார்ஜுக்குக் கொடுத்து முடித்திருப்போம். ஒரு நிறுவனத்தின் சிக்னல் கிடைக்காத இடத்துக்காக இரண்டாவது சிம்முக்கும் ரீசார்ஜ் செய்பவருக்கு இந்தக் கணக்கு போனின் விலையைத் தாண்டிவிடும். எனவே விலையில் ஆயிரம் ரூபாய் குறைவான போனைத் தேடுவதைவிட, ஒரே சிம்மில் நம் வழி முழுவதும் இணையம் கிடைக்கச் செய்யும் போனைத் தேடுவதே உண்மையான சிக்கனம்.

சிக்னலை அளந்து பார்த்தல்

தமிழ்நாட்டில் ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் ஆகிய நான்கு நிறுவனங்கள் சேவை தருகின்றன. இவற்றில் எது சிறந்தது என்ற கேள்விக்கு ஊருக்கு ஒரு விடை உண்டு. சில சமயம் தெருவுக்கு ஒரு விடை உண்டு. இதற்குக் காரணம் அலைகளின் இயல்பு. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அதிர்வெண் அலைகள் தொலைதூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் ஒரே நேரத்தில் பலருக்கு அதிக வேகம் தர அவற்றால் இயலாது. 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைகளும் அவற்றுக்கு மேற்பட்டவையும் வேகத்தைத் தரும், ஆனால் டவரை விட்டு விலகினால் விரைவில் தளர்ந்துவிடும். டவர்கள் நெருக்கமாக உள்ள மாசி வீதிகளில் இந்த வேறுபாடு தெரியாது. நகரை விட்டு வெளியேறி, யானைமலைக்கோ நாகமலைக்கோ பின்புறம் உள்ள ஓர் ஊரில் நிற்கும்போதும், சிறுமலை அடிவாரத்துத் தோப்புக்குள் நிற்கும்போதும், பேரையூர்ப் பக்கம் டவர்களுக்கு இடையே இடைவெளி கூடும்போதும்தான் குறைந்த அதிர்வெண்ணின் அருமை புரியும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்கிச் சோதனை செய்யுங்கள். நிறுவனங்கள் தம் இணையதளங்களில் சேவைப் பரப்பு வரைபடங்களை வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பணித்திருப்பதால், முதல் கட்டமாக அந்த வரைபடத்தில் உங்கள் ஊரையும் பணியிடத்தையும் தேடிப் பார்க்கலாம். ஆனால் வரைபடத்தில் வண்ணம் தீட்டப்பட்டிருப்பதாலேயே வீட்டின் உள்ளறையில் சிக்னல் வரும் என்று பொருளில்லை. வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரிடமோ உடன் பயணிப்பவரிடமோ போனைச் சற்று வாங்கிப் பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அமைப்புகளுக்குள் சென்று, போனைப் பற்றிய விவரங்களில் சிம்மின் நிலை என்ற பகுதியைத் திறந்தால், சிக்னலின் வலிமை டிபிஎம் என்னும் அலகில் மைனஸ் எண்ணாகக் காட்டப்படும். மைனஸ் குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பாருங்கள்: 4ஜியில் 90 அல்லது அதைவிடச் சிறிய எண், எடுத்துக்காட்டாக மைனஸ் 80, நல்ல சிக்னல். மைனஸ் 110-ஐத் தாண்டினால் பக்கங்கள் திறக்கத் திணறும், பேட்டரியும் விரைவில் தீரும்; ஏனெனில் தொலைவில் உள்ள டவரை எட்ட போன் தன் ஆற்றலை முழுவதும் செலவிட வேண்டியிருக்கும்.

திரையின் மேல் விளிம்பில் தெரியும் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் ஆற்றங்கரையில் நின்றவர்களுக்கு இது தெரியும். எல்லாக் கோடுகளும் நிறைந்திருக்கும், ஆனால் ஒரு புகைப்படம்கூட நகராது. டவர் அருகில் இருந்தாலும், இலட்சக்கணக்கானவர்கள் அதைப் பங்கிட்டுக்கொள்வதால் வரும் நெரிசல் அது. அதன் சிறிய வடிவம் ஒவ்வொரு நாளும் இரவு எட்டிலிருந்து பத்து மணி வரை குடியிருப்புப் பகுதிகளில் நிகழ்கிறது. எனவே வேகத்தை அளப்பதானால், டிராயின் மைஸ்பீடு செயலியைக் கொண்டு காலையில் ஒரு முறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறையும் அளந்து பார்ப்பது நல்லது.

போன் எந்த பேண்டைப் பிடிக்கும்?

நிறுவனத்தைத் தீர்மானித்த பிறகு, அந்த நிறுவனத்தின் அலைகளை நீங்கள் வாங்க நினைக்கும் போன் பிடிக்குமா என்று பார்க்க வேண்டும். விற்பனையாளர்கள் இதைச் சொல்வது அரிது. பெட்டியின் மேலும் பெரும்பாலும் இருக்காது. போன் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில், அந்த மாடலின் தொழில்நுட்ப விவரங்களில், நெட்வொர்க் என்ற தலைப்பின் கீழ், பேண்ட் எனப்படும் அலைவரிசைகளின் எண்கள் வரிசையாக இருக்கும். இந்தியாவில் 4ஜிக்காக 1, 3, 5, 8, 28, 40, 41 ஆகிய பேண்ட்கள் பயன்படுகின்றன. இவற்றில் 5 என்பது 850 மெகாஹெர்ட்ஸ். ஜியோவின் தொலைதூர 4ஜி சேவை இதில்தான் இயங்குகிறது. 8 என்பது 900 மெகாஹெர்ட்ஸ். 28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ். பிஎஸ்என்எல் தன் 4ஜி சேவையை இதிலும் 2100 மெகாஹெர்ட்ஸிலும் தருகிறது. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைந்த அந்தச் சேவை 2025 செப்டம்பரில் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. கட்டணம் குறைவு என்பதற்காக பிஎஸ்என்எல் சிம்முக்கு மாறியவர்களில் சிலர், "டவர் பக்கத்திலேயே இருக்கிறது, நெட் மட்டும் வரவில்லை" என்று வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். பழைய போன்களிலும், வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த போன்களிலும் 28-ஆம் பேண்ட் இல்லாமல் போவதுண்டு என்பதால், குறையை டவரில் தேடுவதற்கு முன் போனில் தேட வேண்டும்.

ஜியோ 2016 செப்டம்பரில் தொடங்கியபோதே 4ஜியோடு மட்டும் வந்த நிறுவனம். அதற்கு 2ஜியோ 3ஜியோ இல்லை. ஆகவே அழைப்பும் 4ஜி வழியாகவே போக வேண்டும் என்பதால், அதற்கான வோல்ட்டி வசதி இல்லாத பழைய போனில் அந்த சிம்மைப் போட்டுப் பயனில்லை.

5ஜி தேவையா என்ற கேள்விக்கு என் விடை, நீங்கள் எங்கே அதிக நேரம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மதுரை நகருக்கு 5ஜி 2023 ஜனவரியில் வந்தது. 2024 ஜூலையில் கட்டணங்களை உயர்த்தியபோது, ஜியோவும் ஏர்டெல்லும் வரம்பற்ற 5ஜி டேட்டாவை நாளொன்றுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்களோடு இணைத்தன. நகருக்குள் தங்கிப் படிக்கும் மாணவருக்கும், நாளெல்லாம் வாடிக்கையாளருக்கு வீடியோ அனுப்பும் வணிகருக்கும் இது பெரும் சேமிப்பு. அவர்கள் 5ஜி போனே வாங்கட்டும். டி. கல்லுப்பட்டியிலிருந்து உள்ளே செல்லும் ஊர்களில் பெரும்பொழுதைக் கழிப்பவர், 5ஜிக்காகவே கூடுதல் விலை கொடுப்பதைவிட, 4ஜியிலேயே இரண்டு பேண்ட்களை ஒன்று சேர்த்து வேகம் பெறும் கேரியர் அக்ரிகேஷன் வசதி உள்ள போனைத் தேடலாம். 5ஜி போன்தான் என்று முடிவு செய்தால், ஜியோவின் 5ஜி, 4ஜியைச் சாராமல் தனித்து இயங்கும் எஸ்ஏ முறையில் அமைந்தது என்பதை நினைவில் கொண்டு, அந்த முறையும், என்28, என்78 ஆகிய 5ஜி பேண்ட்களும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போனா, டேப்லெட்டா, கையடக்க ரவுட்டரா?

பெரும்பாலானோருக்கு ஒரு ஸ்மார்ட்போனே போதும், ஆனால் விதிவிலக்குகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.

அழைப்பும், பணம் அனுப்புவதும் மட்டும் போதும் என்னும் முதியவருக்கு 4ஜி பட்டன் போன் பொருந்தும். 2023 ஜூலையில் ஜியோபாரத் போன் 999 ரூபாய்க்கு வந்தது. இணையமே இல்லாத பட்டன் போனிலும் பணம் அனுப்ப உதவும் யுபிஐ 123பே சேவையை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கி வைத்தது. ஆனால் பட்டன் போனை "வாட்ஸ்அப் வரும்" என்ற ஒரே காரணத்துக்காக வாங்க வேண்டாம். கைஓஎஸ் இயங்குதளத்தில் ஓடிய பட்டன் போன்களுக்கான ஆதரவை வாட்ஸ்அப் நிறுத்திக்கொண்டதால், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த பல போன்கள் அந்த ஒரு பயனை இழந்தன. மலிவான கருவி பழுதாவதால் மட்டுமல்ல, செயலி கைவிடுவதாலும் வீணாகும்.

மடிக்கணினியில் வேலை செய்பவருக்கு இணையம் தேவைப்பட்டால், போனின் ஹாட்ஸ்பாட் நாளுக்கு ஓரிரு மணி நேரம் வரை போதுமானது. அதற்கு மேல் போனால் போன் சூடேறும், பேட்டரி இறங்கும், அழைப்பு வரும்போது இணைப்பு தடுமாறவும் கூடும். 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த மடிக்கணினியை இன்னும் பாதுகாத்து வைத்திருக்கும் வீடுகள் இங்கே உண்டு. அத்தகைய பழைய கணினியோடு இணைப்பதானால், ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் வைக்க வேண்டும். பழைய கணினிகள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தெரியாது. நாள் முழுவதும் மூன்று நான்கு கருவிகளுக்கு இணைப்பு தேவை என்றால் சிம் போடும் கையடக்க ரவுட்டர் வாங்கலாம். ஆனால் அதற்குத் தனி சிம்மும் தனி ரீசார்ஜும் வேண்டும் என்பதையும், சில ரவுட்டர்கள் ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்டு விற்கப்படுகின்றன என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தனி ஒருவருக்கு இது வீண் செலவு என்பது என் கருத்து.

டேப்லெட் வாங்குவோர் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: விலை குறைவாகக் கிடைப்பவை பெரும்பாலும் வைஃபை மட்டும் உள்ளவை, சிம் போடும் இடம் அவற்றில் இருக்காது.

போனுக்குள் பார்க்க வேண்டியவை

இணையத்துக்காக வாங்கும் போனில் கேமராவைவிட நான்கு விஷயங்கள் முக்கியம். ரேம் 4 ஜிபிக்குக் குறையாமல் இருக்கட்டும். 6 ஜிபி இருந்தால் மூன்றாம் ஆண்டிலும் தவிக்க வேண்டியிருக்காது. விளம்பரத்தில் "4+4" என்று எழுதியிருந்தால் பின்னால் உள்ள 4, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய இடமே தவிர உண்மையான ரேம் அன்று. சேமிப்பகம் 128 ஜிபி நல்லது. வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படங்களே ஓராண்டில் 64 ஜிபி போனை மூச்சுத் திணற வைப்பதை என் சித்தப்பாவின் போனில் கண்டேன்.

அடுத்து சிம் வைக்கும் தட்டு. சில போன்களில் இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் ஒரே பள்ளத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்றை வைத்தால் மற்றொன்றுக்கு இடமில்லை. வங்கிக் கணக்கோடு இணைத்த எண்ணை ஒரு சிம்மிலும், குறைந்த கட்டண டேட்டாவை மற்றொரு சிம்மிலும் வைப்பவர்கள், இரண்டு சிம்முக்கும் கார்டுக்கும் தனித்தனி இடம் உள்ள போனையே கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, மென்பொருள் எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படும் என்ற உறுதிமொழி. 2025 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 4.4 போன்களை வாட்ஸ்அப் கைவிட்டது போல, இன்றைய போன்களுக்கும் ஒரு நாள் வரும். வங்கிச் செயலிகளும் பழைய இயங்குதளங்களைத் தொடர்ந்து ஏற்பதில்லை. கடையில் தள்ளுபடியில் கிடைக்கும் போன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்ததாக இருந்தால், அதன் வாழ்நாளில் இரண்டு ஆண்டுகள் ஏற்கெனவே கழிந்துவிட்டன என்று பொருள்.

நான்காவது பேட்டரி. 5000 மில்லிஆம்பியர் மணி என்பது இன்று குறைந்த விலைப் போன்களிலும் கிடைக்கிறது, அதற்குக் குறைய வேண்டாம். ஆனால் மதுரையின் சித்திரை வெயில் எந்தப் பேட்டரிக்கும் எதிரி. இருசக்கர வாகனத்தின் கைப்பிடியில் போனை மாட்டி, வரைபடம் பார்த்தபடியே சார்ஜும் ஏற்றினால், போன் சூட்டைத் தணிக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இணையம் மந்தமாவதாக நாம் நினைத்துக்கொள்வோம். உணவு கொண்டுசேர்க்கும் பணியில் இருப்பவர்கள் போனை நிழல்படும் வகையில் மாட்டுவதும், சார்ஜ் ஏற்றுவதை நிற்கும் நேரத்துக்கு ஒத்திவைப்பதும் பேட்டரியின் ஆயுளை நீட்டிக்கும்.

ரீசார்ஜைக் குறைத்தல்

எவ்வளவு டேட்டா தேவை என்பதைக் கணக்கிடுவது எளிது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 450 எம்பி செலவழிக்கும். நாளுக்கு 2 ஜிபி திட்டத்தில் இத்தகைய வீடியோவை நான்கு மணி நேரத்துக்கு மேல் பார்க்கலாம். அன்றாட வரம்பு தீர்ந்தபின் சில திட்டங்களில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாகக் குறையும். அப்போது நொடிக்கு 8 கேபி மட்டுமே வரும். 200 கேபி அளவுள்ள ஒரு படம் திறக்க 25 நொடி ஆகும். எழுத்துச் செய்தி போகும், பணப் பரிமாற்றம் மெதுவாக முடியும், வீடியோ ஓடாது.

சோழவந்தானிலிருந்து நகரக் கல்லூரிக்கு வரும் என் தங்கை மகள், பாட வீடியோக்களை இரவில் வீட்டு வைஃபையில் இறக்கிவைத்துக்கொண்டு, ரயிலில் பார்த்துக்கொண்டு வருகிறாள். வாட்ஸ்அப்பில் படங்களும் வீடியோக்களும் தாமாக இறங்குவதை நிறுத்தி, போனில் டேட்டா சேமிப்பு வசதியை இயக்கிவிட்டாள். இந்த மூன்றையும் செய்த பின், அவளுக்கு முன்பிருந்ததைவிடச் சிறிய திட்டமே போதுமானதாகிவிட்டது. ரயில் நிலையங்களில் ரயில்டெல் வழங்கும் ரயில்வயர் வைஃபை நாளொன்றுக்கு முதல் அரை மணி நேரம் இலவசம். மதுரை சந்திப்பில் காத்திருப்போர் ஒரு விண்ணப்பத்தை நிரப்பவோ பாடக் குறிப்பை இறக்கவோ அது உதவும். வங்கிப் பணிகளைப் பொது வைஃபையில் செய்ய வேண்டாம்.

திட்டத்தின் நாள் கணக்கையும் கவனியுங்கள். 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று டிராய் 2022-இல் ஆணையிட்டது. நிறுவனத்தின் செயலியில் முதலில் கண்ணில் படும் இடத்தில் அது இருக்காது, தேடிப் பிடிக்க வேண்டும். அவ்வாறே, டேட்டா இல்லாமல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் தரும் திட்டங்களை வழங்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஆணை வந்தது. வங்கி எண்ணுக்காக மட்டும் வைத்திருக்கும் சிம்முக்கு அதுவே ஏற்றது. எந்தத் திட்டமானாலும் அதன் கட்டணத்தைச் செல்லுபடியாகும் நாள்களால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். சிக்னல் பிடிக்கவில்லை என்றால் எண்ணை இழக்காமலே நிறுவனம் மாறலாம். 1900 என்ற எண்ணுக்கு அனுப்பும் ஒரு குறுஞ்செய்தியில் அந்தப் பணி தொடங்கிவிடும்.

பழைய போன் வாங்குவதானால்

ஒரு முறை, நகரின் ஒரு கடையில் பழைய போன் ஒன்றை ரசீது இல்லாமல் வாங்கினேன். இரண்டு வாரங்களில் அது எந்த சிம்மையும் ஏற்காமல் நின்றுவிட்டது. முன்பே தொலைந்துபோனதாகப் புகார் செய்யப்பட்ட போன் அது. பணம் போனதைவிட, அது இன்னொருவர் இழந்த பொருள் என்பதே என்னை அதிகம் வருத்தியது. இதை முன்கூட்டியே அறிய வழி உண்டு. *#06# என்று அழுத்தினால், போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் தோன்றும். கே, ஒய், எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டச்சு செய்து, ஓர் இடம் விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், போனின் மாடலும் அது முடக்கப்பட்டதா என்பதும் பதிலாக வரும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். பதிலில் வரும் மாடலும் கையில் இருக்கும் மாடலும் வேறாக இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விற்பவர் தம் கூகுள் கணக்கை நீக்கி, போனை முழுவதுமாக அழித்து, உங்கள் கண்முன் புதிதாகத் தொடங்கிக் காட்டட்டும். அவரது கணக்கு எஞ்சியிருந்தால் போன் உங்களுக்குத் திறக்காது.

வாங்கும் நாளில்

கடைக்கு உங்கள் சிம்மையே எடுத்துச் செல்லுங்கள். பெட்டியில் உள்ள ஐஎம்இஐ எண்ணும், போனில் தெரியும் எண்ணும், ரசீதில் எழுதப்படும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். அந்த நிறுவனத்தின் சேவை மையம் மதுரையிலேயே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரை உடைந்தால் சென்னைக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பது, போனை நம்பித் தொழில் செய்பவருக்குக் கட்டுப்படியாகாது. தவணையில் வாங்குவதானால், வட்டியில்லை என்று சொல்லப்படும் தவணையிலும் நடைமுறைக் கட்டணம் உண்டா என்று கேட்டு, தவணை தவறினால் போனை முடக்கும் செயலி ஏற்றப்படுகிறதா என்பதையும் எழுத்தில் அறிந்துகொள்ளுங்கள்.

பணம் கொடுத்த மறுநாள், போனுடன் உங்கள் வழக்கமான பேருந்தில் ஏறுங்கள். சிக்னல் பழைய போனில் அறுந்துபோகும் இடங்களில் புதியதைப் பழையதோடு அருகருகே வைத்து, இரண்டின் டிபிஎம் எண்களையும் பாருங்கள். வீட்டின் உள்ளறையிலும், வேலை செய்யும் இடத்திலும், வயலிலும் அதையே செய்யுங்கள். ஒரே நிறுவனத்தின் சிம் இருந்தும் புதியது தொடர்ந்து பின்தங்கினால், மாற்றிக்கொள்ளக் கடை தரும் காலக்கெடு முடிவதற்குள் பெட்டியோடும் ரசீதோடும் திரும்பிச் செல்லுங்கள்.